அஸருக்குப் பிறகு வைஃபை இல்லை

பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் வைஃபை செத்துப்போனது. இன்றைக்கும்!

சுகிர்தா ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். வெளிநாட்டுத் தியான ஆப் ஒன்றுக்கு மழைச் சத்தத்தையும் குருவிச் சத்தத்தையும் வெட்டி ஒட்டி அனுப்புவது அவள் வேலை. கேட்பவர்களுக்கு மனசு அமைதியாகுமாம். அவளுடைய மனசுக்குப் பகல் முழுக்கக் கிடைத்தது சாட்டில் வந்த ஒரேயொரு 'ஓகே'.

புசல்லாவையிலிருந்து மடவளைக்கு, இந்த வாடகை அறைக்கு வந்து மூன்று மாதமாகியும் ஜன்னலின் திரை விலகியதில்லை.

சண்டைக்குத் தயாராகப் பின்வாசலுக்குப் போனாள். தகரக் கூரைக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார் வீட்டுக்காரி றலியா.

"ஆன்ட்டி, இது அநியாயம்! வைஃபை இருக்குன்னு சொல்லித்தானே ரூம் குடுத்தீங்க?"

"ரௌட்டருக்கும் ஓய்வு வேணும் மகள். அடுப்பு மாதிரி கொதிச்சீக்கி."

"அப்ப ஃப்ரிட்ஜுக்கும் ஓய்வு குடுப்பீங்களா?"

"மீன் நாறிடுமே."

"என் வேலை நாறினா பரவாயில்லையா? ராத்திரிக்குள்ள மழைய அனுப்பாட்டி வேலையே போயிரும்!"

றலியா முற்றத்தைப் பார்த்தார். தூறத் தொடங்கியிருந்தது. "இந்த மழையா?"

"இது இல்ல. ஆப்புக்குப் போற மழை."

"அதுல நனையலாமா?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்போதுதான் பக்கத்தில் காலியாகக் கிடந்த கதிரையைக் கவனித்தாள். அதன் முன்னால் சோசரால் மூடிய பிளேன்டீ, ஒரு துண்டு கருப்பட்டி.

"யாரு வாராங்க ஆன்ட்டி?"

றலியா தலைகுனிந்துகொண்டார்.

"மகன் ஷப்ராஸ் கத்தார் போனதிலிருந்து வீட்டுல பேச்சுச் சத்தமே இல்ல. நீங்க வந்தீங்க, கதவைச் சாத்திட்டீங்க. ரௌட்டரை நிப்பாட்டினா மட்டுந்தான் வெளிய வாறீங்க... ஏசவாவது."

சொல்லிவிட்டு எழுந்தார். "வேலை போயிடும்னு தெரியாது மகள். இனி நிப்பாட்ட மாட்டேன்."

உள்ளே ரௌட்டரின் பச்சை விளக்கு எரிந்தது. அவர் திரும்பி வரவில்லை. பலா மரத்தில் ஏதோ குருவி கத்தியது. சுகிர்தா அதுவரை வெட்டி ஒட்டாத சத்தம்.

மறுநாள் அஸர் பாங்கு முடிந்தது. வைஃபை நிற்கவில்லை. வீட்டில் மூச்சுச் சத்தமில்லை. அன்றைய மழையைப் பகலிலேயே அனுப்பிவிட்டிருந்த சுகிர்தா, பூனை போல ஹோலுக்குப் போய் ரௌட்டரை நிறுத்தினாள்.

பிறகு பின்வாசலைப் பார்த்துக் கத்தினாள்:

"ஆன்ட்டீ! இன்னைக்கும் நிப்பாட்டிட்டீங்களா? இது அநியாயம்!"