ஆட்டக்காரர்களின் பெட்டி

முழங்கால் வலி எனாக்கின் உயிரை எடுத்தது. லீட்ஸ் ஊரில் கால்பந்து ஆட்டத்தில் ஜெயித்துவிட்டுத் திரும்பும் ரயில். முதல் வகுப்பில் கிளப் முதலாளிகள் சுருட்டு பிடித்தபடி நிலக்கரி விலை பேசினார்கள். அவனைப் பார்த்து ஒருவரும் தலைகூட ஆட்டவில்லை. எழுந்து மூன்றாம் வகுப்புக்கு வந்தான். பதினைந்து வருஷம் கூடவே பந்து உதைத்தவர்கள் அங்கே சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"தள்ளி உக்காருங்கடா. எனக்கும் சீட்டு போடு."

யாரும் அசையவில்லை. இத்தனை வருஷம் எனாக்கின் தட்டிலிருந்தே உருளைக்கிழங்கு திருடித் தின்ற டிக்கன், தொப்பியைக் கழற்றினான்.

"உங்க எடம் முதல் வகுப்புல, சார்."

"சாரா? டேய், நான் எனாக்டா!"

"போன வாரம் வரைக்கும். இப்ப நீங்க மேனேஜரு. யாரைக் கழட்டிவிடலாம்னு பாக்குறவரைப் பக்கத்துல வெச்சிக்கிட்டு நாங்க என்னத்தப் பேசறது? மேனேஜர் இங்க உக்காரக் கூடாது."

"எந்த மடையன்டா அந்தச் சட்டம் போட்டான்?"

டிக்கன் தரையைப் பார்த்தான். "நீங்கதான். கேப்டனா இருந்தப்ப. பழைய மேனேஜர் பார்லோ சார் இதே கதவுல எடம் கேட்டு வந்து நின்னாரே, அன்னிக்கு."

எனாக் கதவைச் சாத்தினான். ஊர் வரும்வரை வெளியே நடைவழியில் நின்றுகொண்டே வந்தான்.

பார்லோ செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அவருக்கு உட்கார ஓர் இடம் தர வேண்டிய கடன் அப்படியே நிற்கிறது.