வாளிச் சத்தம்

ஏரிக்கரையில் சர்க்கார் ஒரு மீன்குஞ்சுப் பண்ணை கட்டியது. தூண்டில் போட வரும் சுற்றுலாக்காரர்களுக்கு நிழற்குடை, பெஞ்சு, கக்கூஸ், படம் எடுத்துக்கொள்ள ஆளுயர சிமெண்ட் மீன் என்று எல்லாம் வந்தது. பண்ணையில் வளர்ந்த கெண்டைகளை ஏரியில் விட்டு, ரிப்பன் வெட்டிக் கைதட்டினார்கள்.

முதல் தூண்டிலில் தொங்கிய மண்புழு, எதிரே ஒரு கெண்டை வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"என்னங்க, என்னைத் தின்னலையா?"

"உன்னையா? சீ! பண்ணையில வாளியைத் தட்டுவாங்க. நாங்க வரிசையில நிப்போம், தீவனம் வரும். வாளி தட்டாம நாங்க வாயே திறக்கிறதில்ல" என்றது கெண்டை.

"எங்க பரம்பரையில யாருக்கும் இப்படி ஒரு அவமானம் நடந்ததில்ல" என்று புழு அழுதது.

தூண்டில்காரர் சாயங்காலம் வரை பார்த்தார். வெறுத்துப்போய், தூண்டிலையும் மீன் கொண்டுபோக எடுத்துவந்த வாளியையும் அங்கேயே போட்டுவிட்டு, சிமெண்ட் மீனோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஒரு கொக்கு வந்தது. வாளிக்குள் ஏதாவது இருக்குமா என்று அலகால் தட்டிப் பார்த்தது. டங், டங்.

அவ்வளவுதான். ஏரியிலிருந்த கெண்டையெல்லாம் கரையோரம் வந்து வரிசை கட்டி நின்றன.

"ஐயோ, அது கொக்கு! ஓடுங்க!" என்று புழு தொண்டை கிழியக் கத்தியது.

"வாளிச் சத்தம் கேட்டுச்சா இல்லையா? அப்ப தீவனம் வரும். நீ வரிசையைக் கலைக்காதே."

கொக்கு முதல் கெண்டையை விழுங்கியது. பிறகு அடுத்ததை.

பின்னால் நின்ற கெண்டைக்கு ஒரே சந்தோஷம். "பரவாயில்லையே, இன்னிக்கு வரிசை வேகமா நகருது!"