ஆள் எடுத்தாச்சு

ஐந்தருவியில் நல்ல கூட்டம். பேராசிரியர் குடும்பத்தோடு குளிக்கப் போயிருந்தார். அவர்களுடைய துணி, செருப்பு, எண்ணெய்க் கிண்ணம் எல்லாவற்றுக்கும் காவலாக நின்றான் முத்துச்செல்வம். அவரிடம் ஆராய்ச்சி செய்கிறவன். முன்தலை நரைத்துவிட்டது.

"அண்ணே, சார் இங்கன இருக்கதா பக்கத்து வீட்டுல சொன்னாவ."

ஒரு பெண். கையில் ஃபைல்.

"நான் அனுசியா. புளியங்குடி. எம்.டெக். முடிச்சிருக்கேன். காத்தாலை டர்பைன்ல பிஎச்.டி. பண்ண சார்ட்ட இடம் இருக்குன்னு போட்டிருந்துச்சு..."

"ஆள் எடுத்தாச்சு. போ."

"நேத்துகூட வெப்சைட்ல இருந்துச்சே அண்ணே?"

"நேத்து இருந்துச்சு. இன்னைக்கு இல்ல."

"சாரை ஒரு தடவ பார்த்துட்டு..."

"பார்த்து? டர்பைன் கோபுரத்துல ஏறுவியா நீ? பாதியில நின்னு அழுவ."

அவள் முகம் சிவந்தது. "ஏறியிருக்கேன். சுரண்டையில, ப்ராஜெக்டுக்கு."

"வேற எங்கயும் கேக்கலியா?"

"ஒடிசாவுல கூப்பிட்டிருக்காங்க. தூரம்னு அம்மா அழுதா. இங்கன கிடைச்சா வீட்டுல இருந்தே வரலாம்னு..."

"அம்மா அழுதா அழட்டும். அங்கனயே போய்த் தொலை. சாருக்குப் போன் கீன் பண்ணாத. அவருக்குப் பிடிக்காது."

பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்த ரஹ்மத்துன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, பொம்பளப் பிள்ளைட்ட பேசுத பேச்சா இது? நீ மட்டும் பெரிய படிப்பு படிக்கணும், அடுத்தவ வந்துரக் கூடாதோ?"

"சிப்ஸைப் பாருங்கக்கா. கருகுது."

அனுசியா கண்ணைத் துடைத்துக்கொண்டு தென்காசி பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். திரும்பவில்லை.

"நல்லா இருப்படே நீ," என்றாள் ரஹ்மத்துன்னிசா. வாழ்த்து இல்லை.

பேராசிரியர் தலை சொட்டச் சொட்ட வந்தார். முத்துச்செல்வம் துண்டை நீட்டினான்.

"ஈரத்துணியெல்லாம் பிழிஞ்சு கார்ல வை. சாயங்காலம் சின்னவனை டியூஷன்ல கொண்டு விடணும்."

"சரி சார். என் தீசிஸ்... எழுதி முடிச்சு ரெண்டு வருஷம் ஆவுது சார்."

"எத்தனை தடவடே சொல்ல? நீ போயிட்டா இதெல்லாம் யாரு பார்ப்பா? புதுசா ஒரு ஆள் வந்து சேரட்டும், அன்னைக்கே கையெழுத்து போட்டு உன்னை விட்டுருதேன்." தலையைத் துவட்டினார். "ஆமா, புளியங்குடியில இருந்து ஒரு பொண்ணு இன்னைக்கு வருதேன்னுச்சே. வந்துச்சா?"

முத்துச்செல்வம் குனிந்து ஈரத்துணியை எடுத்தான்.

"வரலை சார்."