சிலுவை வரை ஒரு படம்

"இன்னும் கிட்ட கொண்டார லென்ஸ் இருக்கா சார்?" என்று அந்த அம்மாள் இரண்டாம் முறையாகக் கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்தது.

பெரம்பலூரில் கேமரா கடை வைத்திருக்கிறவனுக்கு வாய்ப்பதே இதுதான். எல்லாவற்றையும் எடுத்துக் காட்டச் சொல்லுவார்கள், பிறகு திருச்சியில் போய் வாங்குவார்கள்.

பெயர் ஜெயராணி. ஏலாக்குறிச்சியிலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். துண்டில் சுற்றிக் கொண்டுவந்த டிஜிட்டல் கேமரா மகனுடையதாம். கல்யாண வீடுகளில் படம் எடுப்பது அவன் தொழிலாம். அவன் முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

கோயில் திருவிழா நாடகத்தில் வேஷம் கட்டுகிறான் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"பையன் மேடையில ஏறுறானா?"

அவள் துண்டைப் பிரித்துக் கேமராவை என்னிடம் நீட்டினாள்.

முதலில் மாட்டியிருந்த இருநூறு எம்.எம். லென்ஸைக் கழற்றிவிட்டு, இன்னும் கிட்டக் காட்டுகிற முந்நூறை மாட்டி, அவளை வாசலில் நிற்க வைத்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் கொய்யாப்பழம் விற்கிறவளையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"மூக்குத்தி தெரியுது சார். இதையே குடுங்க. சனிக்கிழம முப்பதாம் நாள் பூசை, அதுக்குள்ள படம் வேணும்."

முப்பதாம் நாள் பூசை இறந்தவர்களுக்குத்தானே, யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பழகிய விரலால் பொத்தானை அழுத்தி, கேமராவின் பின்பக்கத் திரையில் ஒரு படத்தைக் கொண்டுவந்துவிட்டாள்.

ஏலாக்குறிச்சி மாதா கோயில். வாசற்படியிலிருந்து உச்சிச் சிலுவை வரை முழுசாக விழுந்திருந்தது. கீழே படியோரமாக வெள்ளைச் சட்டையில் ஓர் ஆள், எறும்பளவு.

"இவந்தான் சார் என் மவன். அவனா நின்னு எடுக்கச் சொன்னது இது ஒண்ணுதான். பெரிய லென்ஸ்தான் மாட்டியாச்சே, கிட்ட கொண்டாந்து குடுங்க."

லென்ஸ் இனிமேல் எடுக்கப்போகிற படத்துக்குத்தான் என்று எந்த வாயால் சொல்வது?

பெரிதாக்கும் பொத்தானை அழுத்தினேன். சட்டை பெரிதானது. முகம் வரவில்லை. கறுப்பும் பழுப்புமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள்தான் வந்தன.

அவள் தூசி என்று நினைத்துத் திரையைத் துண்டால் துடைத்தாள்.

"நான் எடுத்ததுதான் சார். கிட்ட வாம்மா, கிட்ட வாம்மான்னு கத்துனான். சிலுவை வெட்டுப்படக் கூடாதேன்னு நான்தான் பின்னாடியே போயிக்கிட்டு இருந்தேன்."