ஒரே கம்பி

“வண்டு இருக்கு மாமா. கறக் கறக்னு தின்னுது,” என்றாள் அஸீலா, ஹெட்போனைக் கழற்றாமலே.

பேரீச்சை மரத்தின் தண்டில் ஆணி மாதிரி ஒரு சென்சார் இறங்கியிருந்தது. அதிலிருந்து ஒரே ஒரு கறுப்புக் கம்பி அவள் மடியிலிருந்த பெட்டிக்கு வந்தது. செங்கூன் வண்டின் புழு உள்ளே தின்பது வெளியே எந்தக் காதுக்கும் கேட்காது. அதற்காகத்தான் ஊர்த் தோட்டக்காரர்கள் எல்லோரும் கூடி இந்தக் கருவியை வாங்கி, படித்த பெண் என்று அஸீலாவின் கையில் கொடுத்திருந்தோம்.

வண்டு விழுந்த மரத்தை வெட்டிக் கொளுத்த வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

என் தோட்டத்தில் எத்தனையோ மரங்கள். எதில் வேண்டுமானாலும் விழுந்து தொலைத்திருக்கலாம். போயும் போயும் என்னுடையது இல்லாத ஒரே மரத்திலா விழ வேண்டும்?

அது என் அக்கா ஸயானாவின் மரம்.

அக்கா தன் பங்கு நிலத்தை எனக்கே விற்றாள். இந்த ஒரு மரத்தை மட்டும் தரமாட்டேன் என்றுவிட்டாள். நிலம் ஒருவருக்கு, அதில் நிற்கும் மரம் இன்னொருவருக்கு என்பது ஓமானில் எங்கள் பக்கம் சாதாரணம். மரத்துக்குச் சொந்தக்காரி வந்தால் கதவைச் சாத்த முடியாது.

எனக்குக் குத்திக்கொண்டே இருக்கட்டும் என்றுதான் வைத்துக்கொண்டாள் என்று நினைத்திருந்தேன். வாய்க்கால் தண்ணீர் முறைக்காக எங்களுக்குள் வந்த சண்டை அப்படி. பேச்சு நின்று ஏழு வருடம் ஆகிறது.

வருடத்தில் ஒரு நாள், அறுவடைக்கு வருவாள். மரத்தின் அந்தப் பக்கம் பாய் விரித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவாள். நான் ஏறிக் குலைகளை இறக்குவேன். எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஒரு வார்த்தை கிடையாது. அன்றும் அப்படித்தான் வந்து உட்கார்ந்திருந்தாள்.

மரம் போனால் அந்த ஒரு நாளும் போயிற்று. ஆனால் வாய் சும்மா இருக்கிறதா?

“வெட்டணும்னா வெட்டிடலாம். அவங்ககிட்ட சொல்லிடும்மா.”

மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு இது கேட்காமலா இருக்கும்? இருந்தாலும் அஸீலா எழுந்து, சுற்றிப் போய்ச் சொன்னாள். தாராளமாக வெட்டட்டும், ஒரு தொல்லை விட்டது என்று அக்கா சொன்னதும் எனக்கு நன்றாகவே கேட்டது. அதையும் அஸீலா சுமந்துகொண்டு வந்து என்னிடம் ஒப்பித்தாள். பாவம், போகவும் வரவும் அவள் ஒருத்திதான்.

பக்கத்து மரங்களையும் பார்த்துவிட வேண்டும் என்று சென்சாரைப் பிடுங்கினாள். அதன் முனையில் ஒட்டியிருந்த நாரைத் துடைக்க, அதைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்தாள்.

அப்படியே நின்றுவிட்டாள். ஹெட்போனை ஒரு கையால் காதோடு அழுத்தினாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மாமா, உங்க தண்ணித் தொட்டிக்கும் வண்டு பிடிச்சிருக்கு.”

அது இரும்புத் தொட்டி.

சென்சாருக்கு மின்சாரம் போவதும், அது கேட்கும் சத்தம் திரும்பி வருவதும் அந்த ஒரே கம்பியில்தான். போகிற மின்சாரத்தில் அழுக்கு இருந்தால், வருகிற சத்தத்திலும் அது கலந்துவிடும். அன்று பெட்டியின் பேட்டரி தீர்ந்துபோனதால் என் பிக்கப் வண்டியின் பேட்டரியில் கிளிப் மாட்டியிருந்தோம். அதுவும் தீர்ந்துவிடக் கூடாதே என்று இன்ஜினை ஓடவிட்டது என் அதிபுத்திசாலித்தனம். வெயிலில் ரேடியேட்டர் விசிறி சுற்றும்போதெல்லாம் அதன் கரகரப்பு கம்பியில் ஏறி அவள் காதுக்குப் போயிருக்கிறது.

தனக்கும் இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும் என்று தலையில் தட்டிக்கொண்டாள் அஸீலா. நான் ஓடிப்போய் இன்ஜினை நிறுத்தினேன். நான் ஓடி அவள் அதுவரை பார்த்ததில்லை.

மறுபடியும் சென்சாரை அக்காவின் மரத்தில் அதே துளையில் இறக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள்.

“சுத்தமா இருக்கு. ஒண்ணுமே இல்ல,” என்றாள், அந்தப் பக்கத்துக்கும் கேட்கும்படி.

தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். அப்பாடா என்று வந்த மூச்சை இருமல் மாதிரி மாற்றிவிட்டேன். மரத்தின் ஓரமாக அக்காவின் முக்காட்டின் நுனி மட்டும் தெரிந்தது.

நானே ஒருமுறை கேட்டால்தான் மனம் ஆறும் என்று ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

உள்ளே நிசப்தம். அவ்வளவு பெரிய மரத்துக்குள் அப்படி ஒரு அமைதி. போதும் என்று கழற்றப் போனேன்.

அப்போது மரம் மூச்சு விட்டது.

பட்டையில் ஏதோ மெல்ல உரசியது. நெற்றியை முட்டுக்கொடுத்துச் சாய்ந்தால் அப்படித்தான் கேட்கும்போலிருக்கிறது. பிறகு, தண்டுக்குள்ளிருந்து வருவதுபோல, கிசுகிசுப்பாக ஒரு குரல்.

“அல்லாஹ் காப்பாத்தினான். அடுத்த வருஷமும் தம்பியப் பாத்துடலாம்.”

ஏதாவது கேட்கிறதா என்று அஸீலா சைகையால் விசாரித்தாள்.

வண்டு இல்லை என்றேன்.

அவள் ஹெட்போனுக்காகக் கையை நீட்டினாள். எனக்குக் கழற்ற மனம் வரவில்லை.