காணிக்கைக் கூடை

நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. ஆராதனை முடிகிற பாடில்லை.

தகரக் கூரை. ஒரே வாசல். அதற்கும் அவளுக்கும் நடுவில் இருநூறு பேர்.

நாகர்கோவிலிலிருந்து மலாவிக்கு ஊழியத்துக்கு வந்த அப்பாவுக்கும் அவளுக்கும் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். எழுந்தால் எல்லாருக்கும் தெரியும்.

அப்பா பிரசங்கத்தின் கடைசியில், ஊரில் சொல்வதை அப்படியே இங்கும் சொன்னார். என் மகளுக்குப் பதினாறு வயதில் வலிப்பு வந்தது. ஜெபித்தோம். ஆறு வருஷம் ஆகிறது. ஒரு மாத்திரை கிடையாது.

அவருடைய ஆங்கிலத்தை யோனா என்ற பிரதர் இந்த நாட்டு மொழியில் சொன்னார். வரிக்கு வரி பெண்கள் குலவையிட்டார்கள்.

அவள் மடியிலிருந்த பையின் ஜிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

உள்ளே நாப்கின் பாக்கெட். அப்பா கை வைக்காத ஒரே இடம். அதற்குள் அம்மா வைத்துக்கொடுத்த மாத்திரை அட்டைகள்.

"அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் மக்களே. அவங்க ஊழியமே அதுலதான் நிக்கு."

ஆறு வருஷமாக அம்மா இதைத்தான் சொல்கிறாள்.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது.

இங்கே காணிக்கையை ஆடிக்கொண்டே கொண்டுவருகிறார்கள். கூடை அவள் காலடியில் இருந்தது. வரிசையில் வந்த ஒருத்தி நின்றாள். முதுகில் பச்சைத் துணியால் கட்டியிருந்த பெண் குழந்தையை அவிழ்த்தாள். கேட்காமலே அவள் மடியில் வைத்தாள்.

யோனா குனிந்து சொன்னார். குழந்தையின் பெயர் மெமரி. இவளுக்கும் அதே வியாதிதான் சிஸ்டர். உங்கள் கை பட்டால் போதுமாம்.

மெமரியின் முழங்கையில் பழைய தீக்காயம். அடுப்புப் பக்கம் விழுந்திருப்பாள்.

குழந்தை அவள் கழுத்தில் முகம் புதைத்துத் தூங்கிப்போனது. குணமானவளின் மடி என்று அதற்குத் தெரியாது. மடி என்றுதான் தெரியும்.

அதன் எச்சில் அவள் தோளை நனைத்தது. பின்னாலிருந்து யாரோ துணி நுனியால் அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார்கள்.

பாட்டில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

கர்த்தர் என்னைக் குணமாக்கினார், என்னை நேசிக்கிறார். எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் மாத்திரையை விழுங்கும்போது இரண்டுமே பொய்யாகிவிடும்.

இப்போது முதலாவது இல்லாமலே இரண்டாவது, அந்த நேசம், வந்திருந்தது.

பையோடு. அட்டையோடு. அவளிடம் எதையும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தாள்.

மெமரியின் அம்மா கூடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். கூடையில் விழுந்தது பணம் இல்லை.

சின்ன பிளாஸ்டிக் கவர். வெள்ளை மாத்திரைகள். மேலே ஆஸ்பத்திரிக் கையெழுத்தில் மருந்தின் பெயர்.

பீனோபார்பிடோன்.

வலிப்புக்கான மருந்து. சட்டென்று நிறுத்தக் கூடாதது. நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கெமிஸ்ட்ரி படித்ததில் கொஞ்சம். தன் மாத்திரையை ஒரு தடவை நிறுத்திப் பார்த்ததில் மீதி.

குலவை கூரையில் மோதியது. அப்பாவின் கண் கலங்கியிருந்தது.

"விசுவாசத்தப் பாத்தியா மக்களே," என்றார். "எந்திரி. ரெண்டு வார்த்த சாட்சி சொல்லு. போதும்."

எழுந்தாள். குழந்தை இடுப்பில்.

குனிந்தாள். கூடையிலிருந்து அந்தக் கவரை எடுத்தாள்.

பாட்டு நின்றுவிட்டது. கூடையில் விழுந்தது கர்த்தருடையது. அதை யாரும் திருப்பி எடுப்பதில்லை, ஊரிலும் சரி, இங்கேயும் சரி.

மெமரியின் அம்மாவின் கையில் கவரை வைத்து விரல்களை மூடினாள். அந்தக் கை விலகப் பார்த்தது. அவள் விடவில்லை.

ஒரு கையில் குழந்தை, மறு கையில் அந்தக் கை. அப்பாவே மைக்கை அவள் வாயருகே பிடித்தார். அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது.

யோனா காத்திருந்தார். அவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சொல்வாள். அதற்கு முன், இங்கே தமிழ் தெரிந்த ஒரே ஆள் கேட்டாக வேண்டும்.

"அப்பா, இன்னைக்குக் காலையிலயும் நான் மாத்திரை போட்டேன்."