வலி விட்டபோது

"இதைப் போட்டுட்டு ஒரு மணி நேரம் உக்காருங்கம்மா. அப்பத்தான் மரத்துப்போற ஊசி நல்லா புடிக்கும்" என்று நர்ஸ் வலி மாத்திரையைக் கொடுத்தாள். கன்னத்தைப் பொத்தியபடியே விழுங்கினாள் செண்பகவல்லி.

"பல்லுவலி வந்ததுலேர்ந்து என்னைத் திட்டறதே இல்ல. இனி ஆரம்பிச்சிடுவே" என்று அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தார் கணவர் சிவசைலம்.

விபத்தில் போன மகனுக்குக் காரியம் முடிந்த மறுநாள் தொடங்கிய வலி அது. அதன்பின் வீட்டுக்கு வந்தவர்கள் மகனைப் பற்றிப் பேசவில்லை. கிராம்பைப் பற்றிப் பேசினார்கள். அவளும் இரவெல்லாம் பல்லைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தாள்.

மாத்திரை வேலை செய்தது. வலி விலக விலக, பிணவறையில் துணியை விலக்கிக் காட்டிய முகம் தெளிவாகிக்கொண்டே வந்தது.

"இன்னும் வலிக்குதாம்மா? அழறீங்களே" என்றாள் நர்ஸ்.

"இல்லம்மா. சுத்தமா இல்ல."

உள்ளே நாற்காலியில் சாய்த்தார்கள். டாக்டர் ஊசியோடு குனிந்தார். "நரம்பை எடுத்துட்டா இந்தப் பல்லு இனி வலிக்கவே வலிக்காது. வாயத் திறங்க."

அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டு அருகில் நின்ற கணவரைப் பார்த்தாள்.

சிவசைலம் அவள் தோளில் கை வைத்தார். பிறகு கேட்டார்:

"எடுக்காம விட்டா, இன்னும் எவ்வளவு நாளைக்கு வலிக்கும் டாக்டர்?"